பத்தாயிரம் பாட்டும் ஒரு கொப்பியும்

நெடுங்காலக் குறிக்கோள் ஒன்றைத் தொடங்குவதற்கு வேண்டிய ஊக்கம் நம்மவரிடத்திற் குறைவில்லை. தைப்பொங்கலன்று தொடங்கியோரும், விசயதசமியன்று தொடங்கியோரும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே தொடங்கியோரும் எனக்குத் தெரிந்தவருள்ளேயே பலர். ஒருவர் வடமொழி கற்கத் தொடங்கினார்; மற்றொருவர் தம் ஊர் வரலாற்றை எழுதத் தொடங்கினார்; இன்னுமொருவர் தோட்டக்காரர் வழங்கும் சொற்களையெல்லாம் தொகுக்கத் தொடங்கினார். தொடக்கத்தைப் பற்றி இவர்கள் கூறுவன கேட்பதற்கு இனியவை. முடிவு கண்டோர் எவரேனும் இருப்பின் அவர் கூறுவனவும் இனியனவாகவே இருக்கும். இடையிலே என்ன நிகழ்கிறதென்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. அந்த இடைப்பகுதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன். நான் இப்போது நிற்பதும் அங்கேதான்.

கம்பராமாயணத்தை முதலிலிருந்து முடிவு வரை ஒரு பாட்டும் விடாமற் படித்தல் என்பது என் குறிக்கோள். இதுவும் ஒரு பெரிய காரியமா என்று சிலர் வினவக்கூடும். கம்பனைக் கற்பித்தோர் நம்மிடையே பலர். ஆயின் அவர்கள் கற்பித்தவை பாடத்திட்டத்திற் குறித்த படலங்களே. மந்தரை சூழ்ச்சிப் படலம், வாலி வதைப் படலம், கும்பகருணன் வதைப் படலம் என இவ்வாறு சிலவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து, அவற்றிற்கு இடைப்பட்ட பெருவெளியைப் பிறர் எழுதிய கதைச் சுருக்கத்தால் நிரப்பிக்கொள்வது நம் வழக்கம். முழுவதையும் படித்தோர் எத்தனை பேர் என்று தமிழாசிரியர் கூடியிருக்கும் அவையொன்றிலே கேட்டுப் பாருங்கள். சிறிது நேரம் அமைதி நிலவும். நானும் முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் கற்பித்தவன்.

கம்பன் பாடிய ஆறு காண்டங்களிலும், மிகைப்பாடல்களை நீக்கிப் பார்த்தால், 10,500 அளவிற் பாட்டுக்கள் உள்ளன. பதிப்புக்குப் பதிப்பு இத்தொகை சிறிது வேறுபடும். நாளொன்றுக்குப் பத்துப் பாட்டென்று கொண்டால் 1,050 நாள். மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. தாளில் எழுதிப் பார்க்கும்போது எளிதாகவே தோன்றும்.

என்னோடு ஒரே நாளிலே தொடங்கிய நண்பரொருவர், புவியியல் கற்பித்தவர், தம் முன்னேற்றத்தைக் காண்டக் கணக்கில் அளந்து வந்தார். என்னிலும் விரைந்து படிப்பவர். இரண்டு ஆண்டும் சில மாதமும் கழிந்த பின், சுந்தர காண்டம் முடித்த அன்று என் வீட்டுக்கு வந்து, “ஐந்து முடிஞ்சுது, இனி ஒண்டுதான் மிச்சம்” என்று மகிழ்ந்து சொன்னார். ஆனால் யுத்த காண்டம் மட்டுமே நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களைக் கொண்டது. ஆறில் ஐந்து முடித்ததாக எண்ணிய நண்பர் உண்மையில் ஐந்தில் மூன்று பங்குதான் முடித்திருந்தார். மாதங்கள் சென்றன, போர் முடியவில்லை. முடிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதென்று நம்பி நடந்தவருக்கு ஒவ்வொரு படலமும் புதியதொரு தாமதமாகவே தோன்றிற்று. நாகபாசப் படலத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். அவருடைய ஆர்வத்தில் ஒரு குறையுமில்லை. அவர் கையிலிருந்த அளவுகோலே அவரை ஏய்த்தது.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவரிடத்தும் இதனைக் கண்டிருக்கின்றேன். இத்தனை அலகு முடிந்தது, இத்தனை அலகு எஞ்சியுள்ளது என்பர். அலகுகள் ஒரே பருமனுடையனவல்ல என்பதைப் பரீட்சைக்கு இரு மாதம் இருக்கையிலேதான் உணர்வர். எத்தனை மணி நேரம் படித்தோம் என்று எண்ணுவோரும் உளர். புத்தகத்தின் முன் கழிந்த நேரம் வேறு. புத்தகத்தினின்றும் பெற்றது வேறு. முன்னேற்றத்தை மீளாய்வு செய்வதற்கு முன், எதனால் அளக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்தல் வேண்டும். என் வரையில் பாட்டே அளவு. காண்டமும் படலமும் கம்பன் தன் கதைக்காக வகுத்துக்கொண்டவை. என் முயற்சியை அளப்பதற்காக வகுத்தவையல்ல.

நம் முன்னோர் இவ்விடயத்தில் நம்மிலும் அறிவுடையோராய் இருந்தனர் என்றே சொல்லத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் மரபைச் சற்று எண்ணிப் பாருங்கள். கச்சியப்பரின் நூலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களை உடையது. ஒருவர் பாட்டை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். அன்றைய பங்கு முடிந்தவுடன் ஏட்டைக் கட்டி வைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வர். முருகன் திருவவதாரமும் வள்ளியம்மை திருமணமும் வரும் நாள்கள் விழா நாள்களாகவே அமையும். படிப்பவருக்கு அன்று மனம் இருக்கிறதா இல்லையா என்று புராணம் காத்திருப்பதில்லை. ஒருவருக்குச் சுகவீனமென்றால் இன்னொருவர் படிப்பார். முற்றத்தில் நாலு கிழவர் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பர். அவர்களுக்காகவாவது படித்தேயாக வேண்டும். வீட்டிலே தனியே அமர்ந்து படிப்பவனுக்கு அந்தக் கிழவர்கள் இல்லை. அவர்களுக்குப் பதிலாகத்தான் நான் ஒரு கொப்பி வைத்திருக்கின்றேன்.

கொப்பி வைத்துக் கணக்கெழுதும் இம்முறைக்கு ஆங்கில இலக்கியத்தில் ஒரு பேராசான் உண்டு. அந்தனி ட்றொலொப் என்னும் நாவலாசிரியர் (1815 - 1882) தபாற் பகுதியில் முழுநேர உத்தியோகம் பார்த்தவர். நாற்பத்தேழு நாவல்களை எழுதியவர். தாம் எழுதிய முறையை, அவர் மறைந்த மறு ஆண்டில் 1883 இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஒளிவு மறைவின்றிக் கூறியிருக்கிறார். புதியதொரு நாவலைத் தொடங்கும்போது வாரம் வாரமாகப் பகுத்த நாட்குறிப்பொன்றை ஆயத்தஞ் செய்வார். அன்றன்று எழுதிய பக்கங்களின் தொகையை அன்றன்றே அதிற் பதிவார். பக்கமென்றால் அவர் கணக்கில் 250 சொற்கள். எழுதப்பட்ட சொற்களை எண்ணியே குறிப்பார். சாதாரணமாக வாரத்துக்கு நாற்பது பக்கம்; சில காலம் இருபதாகத் தாழ்ந்ததும் உண்டு; ஒருமுறை 112 வரை உயர்ந்ததும் உண்டு. இரண்டொரு நாள் சோம்பியிருந்தால் அந்தச் சோம்பலின் பதிவே தம் முகத்தை நோக்கி நின்று, மேலும் உழைக்குமாறு தம்மை வற்புறுத்தும் என்கிறார்.

காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். கைக்கடிகாரங்கள் பெருகாத அக்காலத்தில், சட்டைப்பைக் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். தம்மை எழுப்பிக் கோப்பி கொண்டுவந்து தருவதற்காகவே வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தாராம். தம் வெற்றிக்கு வேறெவரிலும் அந்த முதியவருக்கே தாம் கடமைப்பட்டிருப்பதாகவும் எழுதுகிறார். நான் அந்நூலில் மிகவும் விரும்பும் இடம் அது. உத்தியோக நிமித்தம் இரயிலிற் பயணஞ் செய்யும்போதும் பென்சிலால் எழுதிக்கொண்டே செல்வார். 1857 இல் வெளிவந்து அவருக்குப் புகழ் தேடித் தந்த ‘பார்செஸ்ரர் ரவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி அவ்வாறு எழுதப்பட்டதே. மனைவியார் பின்னர் அதனைப் பிரதி செய்தார்.

தன்வரலாறு வெளிவந்தபின் இலக்கிய உலகம் முகஞ் சுளித்தது. கலைஞன் தச்சனைப்போல் நேரம் பார்த்து உழைப்பதாவது என்றனர். அவருடைய நாவல்கள் யாவும் ஒரே தரத்தன என்று நானும் சொல்லமாட்டேன். ஆனாற் பிறருடைய நாவல் வேலை நன்றா தீதா என்பது ஒரு வினா. என்னுடைய வேலை நடக்கிறதா இல்லையா என்பது வேறொரு வினா. இரண்டாவதற்கு ட்றொலொப்பின் நாட்குறிப்பைப்போல விடை தருவது எதுவுமில்லை.

பெஞ்சமின் பிராங்கிளின் வைத்திருந்த கொப்பி இதற்கு மாறான இனத்தது. பதின்மூன்று நற்குணங்களைத் தெரிந்தெடுத்து, கிழமைக்கு ஒரு குணமாகப் பயின்றார்; அவ்வகையில் ஆண்டொன்றில் நாலு சுற்று முடியும். பக்கந்தோறும் சிவப்பு மையாற் கோடிட்டு, தவறு நேர்ந்த இடங்களிற் கரும்புள்ளி இட்டார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் துளைபட்டுப் போகவே, தந்தத் தகடுகளில் எழுதி, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொள்ளத் தொடங்கினாராம். ஒழுங்கு என்ற ஒரு குணம் மட்டும் அவருக்குக் கடைசி வரை கைவரவில்லை. பெரியாரொருவரைக் குறைத்துச் சொல்லலாகாது. எனினும் புள்ளியால் தவறுகளை எண்ணும் முறை நெடுந்தூரம் செல்வோனுக்கு ஏற்றதன்று என்பது என் எண்ணம். செய்தவற்றை எண்ணுபவனுடைய கொப்பி நாளுக்கு நாள் நிறையும். செய்யத் தவறியவற்றை எண்ணுபவனுடைய கொப்பி மிகச் சிறந்த நாளில் வெறுமையாக இருக்கும். வெறுமையான தாளைப் பார்த்து மகிழ ஒரு பிராங்கிளினால் முடியும்.

இப்போது நான் வைத்திருப்பது இரண்டாவது கொப்பி. முதலாவதை 1993 இல் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத ஆண்டுகள் அவை. சிறு போத்தலில் மண்ணெண்ணெயைச் சிக்கனமாக விட்டுத் திரியேற்றிய விளக்கின் ஒளியிற் படித்தேன். கொப்பியும் எளிதிற் கிடையாத காலமாதலால், ஒரு வரியில் ஒரு கிழமைக் கணக்கு என்று நுணுக்கி எழுதினேன். அக்கொப்பியில் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. சுந்தர காண்டத்திற் பொழில் இறுத்த படலம் வரை வந்திருந்தேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். தாயாரைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு சென்றதனால் வேறெதுவும் கொண்டு செல்ல இயலவில்லை. அடுத்த ஆண்டு மீண்டு வந்தபோது புத்தக அலுமாரி நின்றது. உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

அதன்பின் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் வேறு பல கவலைகளுமாகக் காலம் ஓடிற்று. ஓய்வு பெற்றபின் மீண்டும் கம்பனைக் கையிலெடுத்தேன். “விட்ட இடத்திலையிருந்து வாசியுங்கோவன், பிறகேன் முதலிலையிருந்து?” என்று மனைவி கேட்டார். நியாயமான வினா. விடை காண்பதற்காகப் பால காண்டத்தை அங்குமிங்குமாகத் திறந்து பார்த்தேன். சில பாட்டுக்கள், நெடுநாட் பிரிந்த உறவினர் படலையடியில் நின்று குரல் கொடுப்பதுபோல், முதற் சீரிலேயே என்னை அழைத்தன. பல பாட்டுக்கள் என்னை ஒருபோதும் கண்டறியாதவைபோல் நின்றன. முதலிலிருந்தே தொடங்கினேன்.

அன்று செய்த ஒரு மாற்றம் பெரிதும் உதவிற்று. புதிய கொப்பியில் இரண்டு நிரல் கீறினேன். முதல் நிரலில் அன்று படித்த பாட்டுக்களின் தொகை. இரண்டாவது நிரலில், அன்று மனத்தில் நின்ற பாட்டொன்றின் எண்ணும், ஏன் நின்றது என்பதற்கு நாலைந்து சொற்களும். நிற்காவிட்டால் ஒரு கோடு. பின்னொரு நாளிலே கொப்பி போனாலும் போகாத ஏதாவது இருக்கட்டும் என்பதே நோக்கம்.

“என்ன மாஸ்ரர், கம்பனையும் கொத்தாலை அளக்கத் தொடங்கிட்டியளோ?” என்று அந்தப் புவியியல் நண்பர் ஒருநாள் பகிடியாகக் கேட்டார். பகிடியாயினும் அதில் உண்மை உண்டு. எண் என்பது வேலைக்காரனாக இருக்கும் வரையில் நல்லது. எசமானனாகிவிட்டால், தொகையை நிரப்புவதற்காகக் கண் வரிகளின் மேல் ஓடும், மனம் எங்கோ நிற்கும். யுத்த காண்டத்திலே இந்த ஆபத்து மிகுதி. அம்பும் தேரும் குருதியாறுமாகப் பாட்டுக்கள் தொடர்ந்து வரும்போது பத்தைப் பதினைந்தாக்குவது எளிது. அத்தகைய கிழமைகளிலே முதல் நிரல் கொழுத்திருக்கும். இரண்டாவது நிரலிற் கோடு கோடாக இருக்கும். ஒரு நிரல் மட்டும் இருந்திருந்தால் அவையே மிகச் சிறந்த கிழமைகளாகத் தோன்றியிருக்கும். இரண்டையும் ஒருங்கே பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது. அவ்வாறான கிழமைக்குப் பின் நாளுக்கு மூன்று பாட்டுக்கு மேற் படிப்பதில்லை. கோடு மறையும் வரையில் அவ்வளவே.

மீளாய்வை எப்போது செய்வது என்பதும் சிந்திக்கத் தக்கது. நாள்தோறும் தன்னைத் தானே விசாரிப்பவன், வேர் பிடித்ததா என்று பார்க்க நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பவனை ஒப்பான். நாளுக்குப் பதிவு போதும், விசாரணை வேண்டாம். ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்த கால அளவு தவணை. ஆண்டுக்கு மூன்று தவணை. தவணை தொடங்கும்போது வேலைத்திட்டம், முடியும்போது எவ்வளவு நடந்தது என்ற பதிவு. பதின்மூன்று கிழமை என்பது ஒரு மனிதனுடைய உண்மையான நடையை அறிவதற்குப் போதிய காலம். அதற்குள்ளே காய்ச்சலும் வரும், கலியாண வீடும் வரும், செத்த வீடும் வரும். அவையெல்லாம் சேர்ந்ததே நடை. அவற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பவர், இல்லாத ஒரு மனிதனுக்குத் திட்டம் போடுகின்றார்.

கிழமைக்கு எழுபது பாட்டு என்பது தொடக்கத்திலே, சோதித்துப் பார்ப்பதற்காக வைத்த எண். பதின்மூன்று கிழமையின் முடிவிற் கூட்டிப் பார்த்தபோது 585 பாட்டு நிறைவேறியிருந்தது. அஃதாவது கிழமைக்கு நாற்பத்தைந்து. அன்றே எழுபதை அழித்து நாற்பத்தைந்து என்று எழுதினேன். குறிக்கோள் அப்படியே நின்றது. நாள் மட்டும் தள்ளிப் போயிற்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமையாற் கைவிடப்பட்ட முயற்சிகள் பலவென்று கருதுகின்றேன்.

இதனைப் பேரளவிற் காண விரும்புவோர் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். ஜேம்ஸ் மறே என்னும் பாடசாலை ஆசிரியர் 1879 இல் அவ்வேலையை ஏற்றபோது பத்து ஆண்டில் முடியுமென்று ஒப்பந்தம். ஐந்து ஆண்டு கழித்து 1884 இல் முதற் பகுதி வெளிவந்தது. முதலெழுத்தே முடியவில்லை, அதன் தொடக்கத்திலுள்ள ஒரு துண்டுதான் 352 பக்கமாக வந்திருந்தது. ஐந்து ஆண்டில் இவ்வளவென்றால் மிகுதிக்கு எவ்வளவென்று எண்ணிப் பார்த்த எவனுக்கும் தலை சுற்றியிருக்கும். மறே வேலையை நிறுத்தவில்லை, அளவையும் குறைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் வேறு பதிப்பாசிரியர்களும் வந்து சேர்ந்து, எழுத்துக்களைப் பங்கிட்டுக்கொண்டனர். 1915 இல் மறே மறைந்தார். அகராதி 1928 இல் முற்றுப் பெற்றது. பத்து ஆண்டு என்று தொடங்கியது நாற்பத்தொன்பது ஆண்டாயிற்று.

முடிவைத் தாமே காணும் பேறு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. நம் விபுலாநந்த அடிகளுக்கு அது மயிரிழையிற் கிட்டிற்று. பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஆம் ஆண்டு யூன் மாதம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; யூலை மாதத்தில் அடிகள் மறைந்தார். இடையிலே இருந்தது ஆறு கிழமை. தோட்டக்காரரின் சொற்களைத் தொகுத்தார் என்று முன்னே நான் குறிப்பிட்ட அன்பருக்கு அதுவும் கிட்டவில்லை. துலா மிதித்து நீரிறைத்த காலத்துச் சொற்கள் பலவற்றை, அவற்றை வழங்கிய முதியோரிடம் நேரிற் கேட்டு, சிறு அட்டைகளிலே திகதியிட்டு எழுதி, சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளே உள்ள அட்டைகளின் தொகையும், இன்னும் விசாரிக்க வேண்டிய ஊர்களின் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. தம் வசதிக்காக அவர் எழுதிவைத்த அந்த மீளாய்வுக் குறிப்புக்களே இன்று அவருடைய மாணவியொருவர் வேலையைத் தொடர்வதற்கு வழிகாட்டியாக உள்ளன. எங்கே நின்றதென்று தெரிந்ததனால் அங்கிருந்து தொடங்க முடிந்தது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கி 162 கிழமை கடந்துவிட்டது. 7,300 ஆவது பாட்டை அணுகியுள்ளேன். எஞ்சியவை 3,200 அளவில். கிழமைக்கு நாற்பத்தைந்து வீதம் இன்னும் எழுபத்தொரு கிழமை, அஃதாவது ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. வலக்கண்ணிற் புரை அகற்றியாயிற்று. இடக்கண்ணுக்கு வரும் மாதம் நாள் குறித்திருக்கின்றனர். அதற்குப் பின் ஐந்தாறு கிழமைக்கு நாற்பத்தைந்து நடவாது. பேத்தி பாட்டைப் படிக்க நான் கேட்பதென்று ஒழுங்கு செய்திருக்கிறோம். கிழமைக்குப் பதினைந்து போதுமென்று கொப்பியில் முன்கூட்டியே எழுதிவிட்டேன். பிள்ளை பத்தாம் வகுப்பு. சீர் பிரித்துப் படிக்க இன்னும் தடுமாறுகிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையாக ஐந்து பாட்டுப் படித்தாள். இரண்டாவது நிரலில் அன்றைக்கு எந்தப் பாட்டை எழுதுவதென்று எங்களுக்குள்ளே கருத்து வேறுபாடு ஏற்பட்டது. இரண்டு எண்களையும் எழுதினோம்.